கூடம் உண்மையிலேயே கோணல்

இரவு மணி 11. ஊர் புனேயாக இருக்கலாம், போபாலாக இருக்கலாம், வேலூராகவும் இருக்கலாம். பொறியியல் கல்லூரி விடுதியில் ஓர் அறை. மேஜை மேல் ஒரு லேப்டாப். அடியில் காற்று புகட்டும் என்று அதன் பின்பக்கத்தை இரண்டு தடித்த பாடப் புத்தகங்கள் மேல் தூக்கி வைத்திருக்கிறான் மாணவன். சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது. அதையும் மீறிக் கேட்கிறது லேப்டாப்புக்குள் சுழலும் சின்ன விசிறியின் இரைச்சல்.

திரையில் கவுன்டர்-ஸ்ட்ரைக். ஐந்து பேர் இந்தப் பக்கம், ஐந்து பேர் அந்தப் பக்கம். துப்பாக்கிச் சண்டை. பத்துப் பேரும் பத்து ஊர்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஹெட்போனில் நண்பனின் குரல் அலறுகிறது: "டேய், கதவுகிட்ட ஒருத்தன் வர்றான், சுடுறா!" மாணவன் பார்க்கிறான். கதவருகே யாரும் இல்லை. அடுத்த கணம் படம் ஒரு முறை துள்ளுகிறது. எதிரி கதவைத் தாண்டி அறை நடுவே நிற்கிறான். மாணவனின் ஆள் தரையில் கிடக்கிறான்.

"லேக் அடிச்சிடுச்சுடா."

"தினமும் இதையேதான்டா சொல்றே."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். விளையாட்டில் தோற்பவன் மெஷினைக் குறை சொல்வதும் அந்த ரகம் என்றுதான் யாருக்கும் தோன்றும். பல சமயம் அது உண்மையும்கூட. ஆனால் இந்த மாணவனின் விஷயத்தில் கூடம் உண்மையிலேயே கோணல். எத்தனை டிகிரி கோணல் என்று கணக்குப் போட்டே காட்டிவிடலாம்.

திரையில் அசைவதாகத் தெரிவதெல்லாம் சினிமாவைப் போல அடுத்தடுத்து வரும் படங்கள்தான். சினிமாவில் விநாடிக்கு 24 படங்கள். அவை முன்பே எடுத்து வைக்கப்பட்டவை. விளையாட்டில் ஒவ்வொரு படத்தையும் கம்ப்யூட்டர் அந்தந்த நொடியில் வரைந்தாக வேண்டும். நல்ல மெஷின் விநாடிக்கு 144 படங்களை அநாயாசமாக வரைகிறது. அப்போது ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளி சுமார் 7 மில்லி விநாடி. மாணவனின் லேப்டாப் 30 படங்கள் வரைந்தால் அந்த இடைவெளி 33 மில்லி விநாடி. எதிரி கதவைத் தாண்டும் செய்தி இவனுக்குத் தாமதமாகவே வருகிறது.

33 மில்லி விநாடி ஒரு பெரிய விஷயமா? ஒரு காட்சியைப் பார்த்து விரலை அசைக்க ஆரோக்கியமான இளைஞனுக்கு ஆகும் நேரம் 200 முதல் 250 மில்லி விநாடி. இரண்டு பேரும் சம திறமைசாலிகள் என்றால் முதலில் பார்த்தவன் முதலில் சுடுகிறான். உண்மையில் இந்த 30 என்ற எண்ணிக்கைகூட நிலையாக இருப்பதில்லை. புகை குண்டு வெடிக்கும்போது, நாலு பேர் ஒரே இடத்தில் மோதும்போது, அதாவது விளையாட்டு முடிவாகும் அந்த விநாடியில், வரைய வேண்டிய வேலை கூடுகிறது. சரியாக அந்த நேரத்தில்தான் பலவீனமான மெஷின் தடுமாறுகிறது. படம் ஒரு முறை 200 மில்லி விநாடி உறைந்து நின்றால், எதிரிக்கு ஒரு முழு வாய்ப்பு இலவசமாகக் கிடைத்துவிடுகிறது.

இதற்குக் காரணம் லேப்டாப் மட்டமான சரக்கு என்பதல்ல. அது வேறு வேலைக்காகச் செய்யப்பட்டது. மெல்லிய லேப்டாப்களில் இருக்கும் ப்ராசஸர்களில் பல 15 வாட் மின்சாரத்தில் ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. ஒரு எல்.இ.டி. பல்பு எடுத்துக்கொள்ளும் அளவுதான். விளையாட்டுக்கென்றே வாங்கப்படும் மேஜைக் கம்ப்யூட்டரில் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றே 200 வாட் இழுப்பது சகஜம். ஒரு சாதாரண சீலிங் ஃபேனுக்கு 75 வாட் என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட மூன்று ஃபேன்களின் மின்சாரம். பல்புக்கும் மூன்று ஃபேனுக்கும் நடக்கும் போட்டி இது.

போதாக்குறைக்குச் சூடு வேறு. சின்னப் பெட்டிக்குள் அடைபட்ட ப்ராசஸர் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, கருகிவிடாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. முதல் பத்து நிமிடம் ஒழுங்காக ஓடிய விளையாட்டு அரை மணி நேரம் கழித்து இழுபடுவதற்கு இதுதான் காரணம். மே மாதத்து நாக்பூரில் இது இன்னும் சீக்கிரமே நடக்கும்.

இதையெல்லாம் சமாளிக்க இந்த மாணவர்களிடம் ஒரு முழு வைத்திய சாஸ்திரமே இருக்கிறது. புத்தகத்தை முட்டுக் கொடுப்பது அதன் முதல் பாடம். இரண்டாவது, திரையைச் சுருக்குவது. 1366-க்கு 768 புள்ளிகள் கொண்ட திரையில் ஒவ்வொரு படத்துக்கும் சுமார் 10.5 லட்சம் புள்ளிகளை நிரப்ப வேண்டும். 800-க்கு 600 என்று குறைத்தால் 4.8 லட்சம் போதும். வேலை பாதிக்கும் கீழே. முகங்கள் சதுரம் சதுரமாகத் தெரியும், தொலைவில் நிற்பவன் ஆளா தூணா என்று குழம்பும், ஆனால் படம் ஓடும். நிழல், நீரின் பளபளப்பு, புகையின் அடர்த்தி எல்லாவற்றையும் குறைப்பது மூன்றாவது பாடம்.

நான்காவதுதான் கெட்டிக்கார வைத்தியம். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் படம் வரையும் பகுதிக்குச் சொந்த நினைவகம் கிடையாது. பொது ரேமையே பங்கு போட்டுக்கொள்கிறது. பல மலிவு லேப்டாப்கள் ஒரே ஒரு ரேம் பட்டையோடு விற்பனைக்கு வருகின்றன. பக்கத்தில் காலியாக இருக்கும் இடத்தில் இன்னொன்றைச் செருகினால் கொள்ளளவு மட்டுமல்ல, தகவல் போகும் பாதையும் இரட்டிப்பாகிறது. ஒற்றைத் தடம் இரட்டைத் தடமான ரயில் பாதை மாதிரி. விளையாட்டில் இதன் பலன் கண்ணுக்கே தெரியும். விசிறியில் அடைந்த தூசியைத் தட்டி, காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றினால் மூன்று நான்கு வருடப் பழைய லேப்டாப்கூடக் கொஞ்சம் இளமை பெறுகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. உலகப் போட்டிகளில் ஆடும் கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆட்டக்காரர்களில் பலர் 1280-க்கு 960 என்ற பழைய சதுரத் திரை அளவில்தான் ஆடுகிறார்கள். அலங்காரங்களையும் குறைத்து வைத்துக்கொள்கிறார்கள். விலையுயர்ந்த மெஷினில் இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டும் என்பதற்காக. விடுதி மாணவன் கட்டாயத்தின் பேரில் செய்வதை அவர்கள் விருப்பத்தின் பேரில் செய்கிறார்கள். இரண்டு திரைகளும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். ஓட்டத்தில்தான் வித்தியாசம்.

யாருடைய மெஷினில் விளையாட்டு ஓட வேண்டும், யாருடையதில் ஓடத் தேவையில்லை என்பது தற்செயலாக நடப்பதல்ல. விளையாட்டைத் தயாரிக்கும் கம்பெனி உட்கார்ந்து எடுக்கும் முடிவு அது. 2017 டிசம்பரில் முழு வடிவில் வெளிவந்த பப்ஜி குறைந்தபட்சம் 8 ஜி.பி. ரேமும் தனி கிராஃபிக்ஸ் கார்டும் கேட்டது. இந்திய மாணவர்களில் பெரும்பாலோர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அதே கம்பெனி 2019-ல் பப்ஜி லைட் என்ற இலவசப் பதிப்பைக் கொண்டுவந்தது. 4 ஜி.பி. ரேம் போதும். தனி கார்டு வேண்டாம். இன்டெல் ப்ராசஸருக்குள்ளேயே 2012-ல் இடம்பிடித்த எச்.டி. 4000 போதும். தாய்லாந்தில் முதலில் சோதித்து, அந்த வருடம் ஜூலையில் இந்தியாவுக்கு வந்தார்கள்.

2020 ஜூனில் வந்த வேலரன்ட் இன்னும் வெளிப்படையாக நடந்துகொண்டது. தயாரித்த ரயட் கம்பெனி மூன்று பட்டியல்களை வெளியிட்டது: இந்த மெஷின் இருந்தால் விநாடிக்கு 30 படங்கள், இது இருந்தால் 60, இது இருந்தால் 144. ரயிலில் ஜெனரல், ஸ்லீப்பர், ஏ.சி. என்று இருப்பது போல. முதல் வகுப்புக்குப் பத்து வருடப் பழைய லேப்டாப்கூடப் போதும். அந்த வருடமே மும்பையில் சர்வர் வைத்ததும் நல்ல காரியம். அதற்கு முன் இந்திய ஆட்டக்காரர்களின் கட்டளை சிங்கப்பூர் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். மும்பையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டிலேயே 3,900 கிலோமீட்டர். போய்வர 40 மில்லி விநாடிக்குக் குறையாது. எத்தனை பணம் கொட்டினாலும் குறைக்க முடியாத தாமதம் அது. சர்வரை இங்கே வைத்தால்தான் தீரும்.

ஆனால் ரயிலுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம். ஜெனரல் பெட்டியில் ஏறியவரும் ஏ.சி. பெட்டியில் ஏறியவரும் ஒரே நேரத்தில் ஊர் போய்ச் சேர்கிறார்கள். இங்கே 30 படக்காரரும் 144 படக்காரரும் ஒருவரையொருவர் சுட வேண்டும். வேலரன்ட் சர்வர் விநாடிக்கு 128 முறை நிலவரத்தைக் கணக்கிடுகிறது. அதில் 30-ஐ மட்டுமே மாணவனின் திரை காட்டுகிறது.

கம்பெனிகள் இந்தக் கதவைத் திறந்தது தர்ம சிந்தனையால் அல்ல. இலவச விளையாட்டில் லாபம் வருவது துப்பாக்கிக்கு வண்ணம், ஆளுக்கு உடை போன்ற அலங்காரங்களை விற்பதில். வாங்குபவர் சிலர்தான். ஆனால் அவர்கள் ஆடுவதற்கு எதிரே ஆள் வேண்டும். பழைய லேப்டாப்காரர் அந்தக் கூட்டத்தை நிரப்புகிறார். அவர் பணம் கொடுக்காவிட்டாலும் தன் இரவுகளைக் கொடுக்கிறார். தப்பில்லை, இரண்டு பக்கமும் ஆதாயம் உள்ள ஏற்பாடு. சிக்கல் வருவது கம்பெனி தன் முடிவை மாற்றிக்கொள்ளும்போது.

2021 ஏப்ரல் 29-ஆம் தேதி பப்ஜி லைட் சர்வர்கள் மூடப்பட்டன. மாணவர்களின் லேப்டாப்கள் எதுவும் அன்று பழுதாகவில்லை. விளையாட்டு ஹார்டு டிஸ்க்கில் அப்படியே இருந்தது. ஆனால் மறுமுனையில் பதில் சொல்ல யாரும் இல்லை.

கவுன்டர்-ஸ்ட்ரைக் கதை இன்னும் துல்லியமானது. 2012-ல் வெளிவந்த குளோபல் அஃபென்ஸிவ் பதிப்புக்கு 2 ஜி.பி. ரேமும் 15 ஜி.பி. இடமும் போதுமாக இருந்தது. பதினோரு வருடங்கள் உலகம் முழுவதும் அதை ஆடியது. 2023 செப்டம்பர் 27 அன்று வால்வ் கம்பெனி அதன் இடத்தில் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-ஐ வைத்தது. அது கேட்பது 8 ஜி.பி. ரேம், 85 ஜி.பி. இடம். 32-பிட் விண்டோஸ், டைரக்ட்எக்ஸ் 9 தரத்தோடு நின்றுவிட்ட பழைய கார்டுகள், ஆப்பிள் மேக் ஆகிய எல்லாவற்றுக்கும் ஆதரவு நிறுத்தப்பட்டது. இவை அத்தனையும் சேர்ந்து ஆட்டக்காரர்களில் 1 சதவீதத்துக்கும் குறைவு என்று கம்பெனி விளக்கம் சொன்னது. மேக்கில் ஆடியவர்களுக்குச் சில நிபந்தனைகளோடு கட்டணத்தைத் திருப்பித் தரவும் முன்வந்தது.

வியாபாரக் கணக்கில் 1 சதவீதம் அற்பம்தான். ஆனால் உலகம் முழுவதும் பல லட்சம் பேர் ஒரே நேரத்தில் ஆடும் விளையாட்டில் 1 சதவீதம் என்பது ஆயிரக்கணக்கான மனிதர்கள். மேலும் அந்தக் கணக்கில் வருபவர்கள் விளையாட்டை அறவே திறக்க முடியாமல் போனவர்கள் மட்டுமே. திறக்கிறது, ஆனால் 60 படம் ஓடிய இடத்தில் 25 படம் ஓடுகிறது என்பவர்கள் அதில் இல்லை. விடுதி அறை மாணவன் அந்த இரண்டாவது வரிசையில் நிற்பவன். நேற்று வரை அவனுடையது ஓடுகிற மெஷின். ஒரு இரவில் அது மூச்சு வாங்குகிற மெஷின் ஆகிவிட்டது. மாறியது லேப்டாப் அல்ல.

இதைக் கேரம் போர்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அப்பா வாங்கிய போர்டில் பிள்ளை ஆடலாம். பவுடர் மட்டும் புதிதாக வேண்டும். கம்ப்யூட்டர் விளையாட்டிலும் அப்படி ஒரு காலம் இருந்தது. 2003-ல் வந்த கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6 பதிப்புக்கு சர்வரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பிரவுசிங் சென்டர்களிலும் விடுதி வராந்தாக்களிலும் ஒயர் இழுத்து ஆடிய தலைமுறை அதற்குச் சாட்சி. இருபது வருடங்களுக்கு மேலாகியும் அதை இன்று பழைய லேப்டாப்பில் ஆட முடிகிறது. பப்ஜி லைட் ஆட முடியாது. காரணம், சர்வர் யார் கையில் இருக்கிறது என்பதுதான். மெஷினின் ஆயுளை மெஷின் தீர்மானிப்பதில்லை.

அடுத்த நெருக்கடி ஏற்கெனவே வந்துவிட்டது. விண்டோஸ் 7, 8 கம்ப்யூட்டர்களை ஸ்டீம் கடை 2024 ஜனவரி 1-ஆம் தேதியோடு கைவிட்டது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். பழைய ப்ராசஸர்கள் அதன் பட்டியலிலேயே இல்லை. ஏமாற்று வேலையைத் தடுக்க வேலரன்ட்டும் விண்டோஸ் 11-இல் அந்த வசதியைக் கட்டாயமாக்கியது. ஏமாற்றுக்காரர்களைத் தடுப்பது சரியான நோக்கம்தான். ஆனால் விநாடிக்கு 30 படம் வரையப் போதுமான தெம்புள்ள மெஷின்கூட இந்த அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே நிற்க நேரலாம்.

மெஷினே வேண்டாம், விளையாட்டைத் தொலைதூரக் கம்ப்யூட்டரில் ஓட்டி, படத்தை மட்டும் வீட்டுக்கு அனுப்புகிறோம் என்ற யோசனையும் உண்டு. கிளவுட் கேமிங் என்று பெயர். கூகுள் 2019 நவம்பரில் ஸ்டேடியா என்று ஆரம்பித்து 2023 ஜனவரியில் மூடிவிட்டது. இந்தியாவுக்கு அது வரவே இல்லை. இந்த முறைக்கு என்விடியா கம்பெனி கேட்கும் குறைந்தபட்ச இணைய வேகம் விநாடிக்கு 15 மெகாபிட். அது சிறிதும் தடங்கலின்றி வந்துகொண்டே இருக்க வேண்டும். நாற்பது பேர் ஒரே வைஃபையைப் பங்கு போடும் விடுதியில் அது நடக்கிற காரியமா? நிதானமாக ஆடும் விளையாட்டுகளுக்கு இது நல்ல வழி. மில்லி விநாடியில் முடிவாகும் சண்டைக்கு, தாமதம் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறுவதுதான் மிச்சம்.

விளையாட்டுத்தானே, இதற்கு இத்தனை கவலையா என்று பெற்றோர் கேட்பது நியாயம். லேப்டாப் வாங்கியது படிப்புக்காக. பல வீடுகளில் கடன் வாங்கி வாங்கியது. தமிழக அரசு 2011 முதல் பிளஸ் டூ மாணவர்களுக்கும், உத்தரப் பிரதேச அரசு 2013-ல் பிளஸ் டூ முடித்தவர்களுக்கும் லட்சக்கணக்கில் இலவச லேப்டாப் கொடுத்ததும் படிப்புக்காகத்தான். ஆனால் அரசாங்கமே இப்போது இதை வெறும் பொழுதுபோக்கு என்று சொல்வதில்லை. மின்விளையாட்டுகளைப் பல்துறைப் போட்டிகளின் ஒரு பகுதியாக மத்திய அரசு 2022 டிசம்பரில் அங்கீகரித்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்த 2025-ஆம் ஆண்டுச் சட்டம், மின்விளையாட்டுகளைத் தனியே பிரித்து ஊக்குவிக்க வேண்டியவை என்கிறது. 2023-ல் ஹாங்ஷூவில் நடந்த ஆசிய விளையாட்டில் இதற்குப் பதக்கமும் கொடுத்தார்கள்.

2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இது காட்சிப் போட்டியாக மட்டும் இருந்தபோது இந்தியாவின் தீர்த் மேத்தா வெண்கலம் வென்றார். அவர் ஆடியது ஹார்த்ஸ்டோன் என்ற சீட்டாட்டம். மாறி மாறி ஆடுவது. சாதாரண மெஷினிலும் செல்போனிலும்கூட ஓடும். இதை வைத்துப் பெரிய முடிவுக்கு வர வேண்டியதில்லை. ஆனால் மெஷினின் வேகம் குறுக்கே வராத ஒரு விளையாட்டில் இந்தியர் ஒருவர் மேடை ஏறினார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பெரிய போட்டிகளின் இறுதிச் சுற்றில் எல்லோருக்கும் ஒரே மாதிரி கம்ப்யூட்டர் கொடுக்கிறார்கள். அங்கே கூடம் நேராக இருக்கிறது. ஆனால் அந்த மேடைக்குப் போகும் ஆரம்பச் சுற்றுகள் பெரும்பாலும் அவரவர் அறையில், அவரவர் மெஷினில் நடக்கின்றன. கிரிக்கெட்டில் ஓட்டை மட்டையோடு வந்த பையனுக்கும் அதே பந்து, அதே 22 கெஜம். இங்கே ஒருவனுக்குப் பந்து தெரிவதே தாமதமாகத்தான். இதை விளையாட்டு என்று அங்கீகரித்த அரசும், போட்டி நடத்தும் அமைப்புகளும் செய்யக்கூடியது கஷ்டமான காரியம் ஒன்றுமில்லை. கல்லூரிகளில் பகலில் பாடம் நடக்கும் கம்ப்யூட்டர் அறைகள் மாலையில் பூட்டிக் கிடக்கின்றன. ஆரம்பச் சுற்றை அங்கே நடத்தலாம். ஒரே மாதிரி மெஷின், ஒரே இணைப்பு. வேகமானவை அல்ல என்றாலும் பரவாயில்லை. எல்லோருக்கும் ஒரே வேகம் என்றால் போதும்.

கம்பெனிகளும் ஒன்று செய்யலாம். குறைந்தபட்சத் தேவை இது என்று அறிவிக்கும்போது, அது எத்தனை வருடத்துக்குச் செல்லும் என்பதையும் சேர்த்து அறிவிக்கலாம். மூடப் போகும் விளையாட்டின் சர்வரை ஆடுபவர்களிடமே விட்டுவிட்டுப் போகலாம். 1.6 பதிப்பில் நடந்ததுதான் அது, புதிய யோசனை அல்ல.

விடுதி அறையில் மணி 12 தாண்டிவிட்டது. ஆட்டம் தோல்வியில் முடிந்தது. மாணவன் லேப்டாப்பின் அடியைத் தொட்டுப் பார்த்துக் கையை எடுத்துக்கொள்கிறான். சுடுகிறது. சூடு தணியட்டும் என்று ஐந்து நிமிடம் காத்திருக்கிறான். பிறகு புத்தகங்களில் ஒன்றை உருவி எடுத்துப் பிரிக்கிறான். காலையில் அவனுக்குத் தேர்வு. விளையாட்டை மூடிய லேப்டாப்பில் பாடக் குறிப்புகள் திறக்கின்றன. அந்த வேலைக்கு அது தடுமாறவே இல்லை.